நாவலூரன் போட்ட கையெழுத்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குத் தலைப்பு என்றால் திருக்குறளில் ஒரு அதிகாரம், இல்லையென்றால் சங்க இலக்கியத்தில் ஒரு திணை. அதுதான் வழக்கம். இந்த முறை தமிழ்த்துறைத் தலைவர் மாணவர்களிடம் கேட்டிருக்கிறார். அவர்கள் எழுதிக் கொடுத்த தலைப்பு ‘சாஃப்ட் ராக் பாடலும் தன்னையே விசாரித்துக்கொள்வதும்’. கேட்டதும் துறையில் இரண்டு பேர் சிரித்தார்களாம். எனக்குத் தலைப்பு பிடித்தது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு திரியும் பிள்ளைகள் அதற்குள் என்ன கேட்கிறார்கள் என்று நாம் விசாரித்ததே இல்லை. காதலைத்தான் கேட்கிறார்கள் என்று நாமாக முடிவு செய்துகொண்டோம். ‘நான் எப்படிப்பட்ட ஆள்?’ என்ற கேள்வியையும் சிலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

சாஃப்ட் ராக் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ராக் இசையின் இரைச்சலைக் குறைத்து, மரக் கிட்டாரையும் பியானோவையும் முன்னால் வைத்து, பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பாடிய ஒரு வகை. ஜேம்ஸ் டெய்லரின் ‘ஸ்வீட் பேபி ஜேம்ஸ்’ இசைத்தட்டு 1970-இல் வந்தது. கரோல் கிங்கின் ‘டேபஸ்ட்ரி’ 1971-இல். தானே எழுதித் தானே பாடுகிறவர்கள் இவர்கள். பாட்டில் வரும் ‘நான்’ மேடையில் நிற்கும் அதே ஆள்தான் என்று கேட்பவர்கள் நம்பினார்கள். இந்த நம்பிக்கைதான் அந்த இசையின் மூலதனம்.

இவற்றில் ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஹாரி சேப்பின் 1974-இல் வெளியிட்ட ‘கேட்ஸ் இன் த கிரேடில்’. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடத்துக்கு வந்தது. கதை எளியது. ஒருவனுக்குப் பிள்ளை பிறக்கிறது. அவன் ஊர் ஊராக வேலையாக அலைகிறான். பிள்ளை நடக்கக் கற்றதைக்கூட அவன் பார்க்கவில்லை. பையன் விளையாடக் கூப்பிடுகிறான்; அப்பாவுக்கு நேரமில்லை. பையன் வளர்கிறான், வேலைக்குப் போகிறான். இப்போது அப்பா கூப்பிடுகிறார், பையனுக்கு நேரமில்லை. அப்பா போனை வைக்கும்போது ஒன்று விளங்குகிறது: பையன் தன்னைப் போலவே ஆகிவிட்டான். அழுகையில்லை, உபதேசமில்லை. குணம் எப்படிக் கைமாறுகிறது என்பதை நாலு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறது.

அந்தப் பாட்டுக்குப் பின்னால் இன்னொரு கதை உண்டு. முதலில் அதைக் கவிதையாக எழுதியவர் சேப்பினின் மனைவி சாண்டி. எழுதிக் கணவரிடம் காட்டியபோது அவர் பெரிதாகக் கவனிக்கவில்லை. கச்சேரி கச்சேரியாக அலைந்துகொண்டிருந்த மனிதர். தங்களுக்கு மகன் பிறந்த பிறகுதான் அந்தக் கவிதை அவர் கண்ணில் பட்டது. ஆக, ‘நான்’ என்று அவர் பாடிய பாட்டை அவருக்கு எழுதிக் கொடுத்தது வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர். நம் குணத்தை நம்மைவிட நம் வீட்டார் நன்றாக அறிவார்கள் என்று சொன்னால் இங்கே முன்வரிசையில் இருக்கும் பெண்கள் தலையாட்டுகிறார்கள். ஆண்கள் கைபேசியைப் பார்க்கிறார்கள். அது கிடக்கட்டும்.

தமிழுக்கு வருவோம். அந்த மெல்லிய கிட்டார் ஒலி நமக்கும் வந்து சேர்ந்தது. பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ 1980-இல் வந்தது. அதில் இளையராஜா இசையில் யேசுதாஸ் பாடிய ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டைக் கேட்காதவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’. இரண்டிலும் கிட்டார் தனியாக ஒரு பாத்திரம் போலவே வருகிறது. ஆனால் ‘மூடுபனி’யை நினைத்துப் பாருங்கள். கிட்டாரை மீட்டிப் பாடுகிற பிரதாப் போத்தனின் பாத்திரம் பெண்களைக் கொல்கிற மனநோயாளி. தன்னைத்தான் விசாரித்துக்கொள்ள வேண்டிய ஒருவன் அந்தப் படத்தில் இருக்கிறான் என்றால் அவன்தான். அவன் நிலாவைப் பாடுகிறான். குறையாகச் சொல்லவில்லை. அந்த இனிமைக்கும் அவன் கைக்கும் உள்ள தூரம்தான் அந்தக் காட்சியின் பயங்கரம். நான் சொல்ல வருவது வேறு: அந்த இசையின் ஒலி நமக்கு வந்தது, அதற்குள் இருந்த ‘நான்’ கூடவே வரவில்லை.

‘தன்னை விசாரிக்கும் பாட்டு சினிமாவில் இல்லையா? கண்ணதாசன் இல்லையா?’ என்று பேராசிரியர் ஒருவர் மேடையேறுவதற்கு முன்பே கேட்டார். இருக்கிறது. 1962-இல் வந்த ‘சுமைதாங்கி’ படத்தில் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிய ‘மயக்கமா கலக்கமா’ அப்படிப்பட்டதுதான். சரியான வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டே போய்விடலாம் என்றிருந்த கவிஞர் வாலியை அந்தப் பாட்டுத்தான் நிறுத்தி வைத்தது. அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1964-இல் ‘ஆண்டவன் கட்டளை’யில் ‘ஆறு மனமே ஆறு’. 1968-இல் ‘குடியிருந்த கோயில்’ படத்தில் ‘நான் யார் நான் யார்’; புலமைப்பித்தனைத் திரைக்கு அழைத்து வந்த பாட்டு. எல்லாம் நல்ல பாட்டுகள்தான். எனக்கு ஒரே ஒரு மனக்குறை. நம் தத்துவப் பாடல்களில் நாயகன் தன்னைப் பற்றித் தொடங்குவான். இரண்டாவது சரணத்துக்குள் ‘மனிதன்’ வந்துவிடுவான். மனிதன் இப்படி, மனிதன் அப்படி, உலகம் இப்படி. யாருடைய குற்றமும் இல்லாத ஒரு பொதுக் குற்றம். நாயகன் கௌரவத்துக்குக் குறைவு வராமல் பெருமூச்சு விடலாம். திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் நாமும் பக்கத்து சீட்டுக்காரனை நினைத்துக்கொண்டு தலையாட்டலாம். சேப்பினின் பாட்டில் அந்த வசதி கிடையாது. பிள்ளை பந்தோடு நிற்கிறது, அப்பா வரவில்லை. யார் வரவில்லை என்பதில் சந்தேகமே இல்லை.

தன்னோடு தானே பேசுவது நமக்குப் புதிது என்று மாணவர்கள் எண்ண வேண்டாம். தலைவனோ தலைவியோ தன் நெஞ்சோடு பேசுவது அகப்பாடல்களில் ஒரு மரபு. திருக்குறளின் 125-ஆம் அதிகாரத்துக்கே ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்றுதான் பெயர்.   நான் நேராக நம் மாவட்டத்துக்காரர் ஒருவரிடம் போகிறேன்.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தபோது உளுந்தூர்பேட்டை வட்டமும் நமக்கு வந்தது. அந்த வட்டத்தில் இருக்கிறது திருநாவலூர். பழைய தென்னார்க்காடு, பிறகு விழுப்புரம், இப்போது கள்ளக்குறிச்சி. இந்தப் பெயர்களுக்கெல்லாம் முன்னால் அது திருமுனைப்பாடி நாடு. அங்கே சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்தவர் சுந்தரர். அவருடைய தேவாரம் ஏழாம் திருமுறை, நூறு பதிகங்கள். பக்தி நூலாகத்தான் அதைப் படிக்கிறோம். ஒருவன் தன் குணத்தைப் பற்றித் தானே கொடுத்த நீண்ட வாக்குமூலமாகவும் அதைப் படிக்கலாம் என்பது என் வாதம்.

அவருடைய கதையைச் சேக்கிழார் சொல்லி நமக்கெல்லாம் தெரியும். கல்யாண வீட்டில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து, ‘உன் பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த அடிமை நீ’ என்கிறார். மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். பித்தன் என்று திட்டுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது, மூல ஓலை வெளியே வருகிறது, சுந்தரர் தோற்கிறார். பிறகு இறைவன் பாடச் சொல்லி, எதை வைத்துத் தொடங்குவது என்று இவர் திகைக்க, முன்பு என்னைத் திட்டினாயே, அதை வைத்தே தொடங்கு என்கிறார். ஒரு மகாகவியின் முதல் பாட்டின் முதல் சொல், அவர் ஆத்திரத்தில் சொன்ன வசைச்சொல். உலக இலக்கியத்தில் இதைவிடத் துணிச்சலான தொடக்கம் எனக்குத் தெரியாது.

இது சேக்கிழார் கட்டிய கதைதானே என்று சிலர் சொல்லக்கூடும். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டு. ஆனால் சுந்தரரே தம் சொந்த ஊரான திருநாவலூரைப் பாடும் பதிகத்தில் இதை எடுத்துப் பேசுகிறார். சபை முன்னால் நான் கடுமையாகப் பேசினேன், அதற்கு எனக்கு வன்தொண்டன் என்ற பெயரைக் கொடுத்தார், அற்பத்தனமாகப் பேசியதற்குப் பொன்னும் கொடுத்தார் என்கிறார். சொந்த ஊரைப் பாடச் சொன்னால் நாம் என்ன பாடுவோம்? ஏரி, கோயில், தேர், தாத்தா வெட்டிய கிணறு. இவர் தம் வாய்த்துடுக்கைப் பாடுகிறார்.

அடுத்தது சங்கிலியார் விஷயம். இதில்தான் அவர் குணம் முழுவதும் வெளிப்படுகிறது. திருவாரூரில் மனைவி பரவையார் இருக்க, திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க ஆசை. உன்னைப் பிரிய மாட்டேன் என்று சபதம் செய்ய வேண்டும். சுந்தரர் ஒரு வக்கீல் யோசனை செய்கிறார்: சன்னதியில் சத்தியம் செய்கிற நேரத்துக்குச் சிவன் அங்கே இருக்காமல் மகிழமரத்தடிக்குப் போய்விட்டால் சத்தியம் செல்லாது அல்லவா? சிவனிடமே போய்க் கேட்கிறார். சிவன் சம்மதித்துவிட்டுச் சங்கிலியார் பக்கம் போய், சத்தியத்தை மகிழமரத்தடியிலேயே கேள் என்று சொல்லிவிடுகிறார். சுந்தரர் மாட்டிக்கொண்டார். வசந்தவிழாக் காலம் வந்ததும் திருவாரூர் நினைப்பு வருகிறது, எல்லையைத் தாண்டுகிறார், இரண்டு கண்ணும் போகிறது.

அதன் பிறகு வழிநெடுகப் பாடிய பதிகங்களைத்தான் மாணவர்கள் படிக்க வேண்டும். திருமுல்லைவாயிலில் சங்கிலியின் பெயரையே சொல்லி, அவளுக்காக என் கண்ணை எடுத்துக்கொண்டவரே என்கிறார். ‘ஏதோ வினை’, ‘மனிதப் பிறவியின் மயக்கம்’ என்றெல்லாம் பூசி மெழுகவில்லை. திருவெண்பாக்கத்தில் இன்னும் ஒரு படி போகிறார். நான் பிழை செய்தாலும் நீர் பொறுத்துக்கொள்வீர் என்ற எண்ணத்தில்தான் பிழை செய்தேன் என்கிறார். நம்மில் எத்தனை பேர் இதை ஒப்புக்கொள்வோம்? மன்னிப்பு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் முக்கால்வாசித் தப்பைச் செய்கிறோம்: அம்மா மன்னிப்பாள், மனைவி மன்னிப்பாள், ஊர் மறந்துவிடும். அந்தக் கணக்கை வெளியே எடுத்து வைக்கிறவனைத்தான் நான் நேர்மையானவன் என்பேன். அந்தப் பழைய திருவெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலை வேறிடத்தில் எழுப்பியிருக்கிறார்கள். ஊர் முழுகினாலும் பதிகம் நிற்கிறது.

காஞ்சியில் இடக்கண் கிடைக்கிறது. ஒற்றைக் கண்ணோடு திருவாரூர் வருகிறார். அங்கே பாடுவதைக் கேட்டால், திருந்திய மனிதன் பாடுவது போலவே இல்லை. நீர் நன்றாக இருந்துகொள்ளும் என்று கடவுளையே குத்திக்காட்டுகிறார். கடைசிப் பாட்டில் ஊரறிய என் கண்ணைப் பிடுங்கிக்கொண்டீர், பழி உம்மைத்தான் சேரும் என்கிறார். தேவாரத்தில் செந்துருத்திப் பண்ணில் அமைந்த பதிகம் இது ஒன்றுதான். ஓதுவார்கள் மத்தியமாவதியில் பாடுவார்கள். அத்தனை இதமான ராகத்தில் அத்தனை கோபம். குரலை உயர்த்தாமல் சண்டை போடுவது என்ற வித்தையை சாஃப்ட் ராக்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைக்கும் மாணவர்கள், ஒரு நல்ல ஓதுவாரைப் பாடச் சொல்லி இந்தப் பதிகத்தைக் கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள்.

இங்கே என் மையமான கருத்துக்கு வருகிறேன். பதிகத்தின் கடைசிப் பாட்டில் பாடியவரின் பெயர் வரும். இவர் ஆரூரன் என்பார், நாவலூரன் என்பார், வன்தொண்டன் என்பார், சடையன் மகன் என்பார். கோட்புலி நாயனாரின் பெண்கள் இருவரைத் தம் பெண்களாக ஏற்ற பிறகு சிங்கடியப்பன், வனப்பகையப்பன் என்றும் போட்டுக்கொண்டார். பெயர், ஊர், தகப்பன், பெண் பிள்ளைகள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கும் அத்தனை விவரமும் இருக்கிறது. திருவாரூர்ச் சண்டைப் பதிகத்திலும் கடைசியில் ஆரூரன் என்ற பெயர் நிற்கிறது. நான் தப்பு செய்தேன் என்று ஒப்புக்கொண்டபோதும் கையெழுத்துப் போட்டார். தப்பு உம்முடையது என்று சண்டை போட்டபோதும் கையெழுத்துப் போட்டார். தன்னை விசாரிக்கிற பாட்டுக்கு இந்த முகவரிதான் உயிர் என்று நினைக்கிறேன். முகவரி இல்லாமல் ‘மனிதன்’ என்று பாடும்போது குற்றம் காற்றில் போய்விடுகிறது.

இதே மனிதர்தான் திருத்தொண்டத்தொகையில் அறுபதுக்கும் மேற்பட்ட அடியார்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் நான் அடியேன் என்கிறார். அதில் நம் திருக்கோவலூர் மெய்ப்பொருளார் வருகிறார். அடியார் வேடத்தில் வந்து குத்தியவனை ஊரெல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொல்லிவிட்டு உயிர் விட்டவர். சுந்தரரை எடுத்து வளர்த்த நரசிங்கமுனையரையரும் வருகிறார். திருநீறு பூசிக்கொண்டு, அருவருப்பான கோலத்தில் வந்த ஒருவனைக் கூட்டம் ஒதுக்கியபோது, மற்றவர்களுக்குக் கொடுத்ததைப் போல இரு மடங்கு பொன் கொடுத்து அனுப்பியவர் அவர். தன் குணம் என்ன உயரம் என்று தெரிய வேண்டுமானால் அதை எவர் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது என்பது இவருக்குத் தெரிந்திருக்கிறது. வரிசையின் கடைசியில் வழக்கம்போலத் தாய் தகப்பன் பெயரோடு தாமும் நிற்கிறார்.

வள்ளலாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது. அவரும் பழைய தென்னார்க்காட்டில், மருதூரில் பிறந்தவர். 1854-இல் வெளிவந்த ‘மனுமுறை கண்ட வாசகம்’ உரைநடைதான். ஆனாலும் பாட்டைப் போலவே நாக்கில் ஓடும். மகன் தேரில் கன்று இறந்ததும் மனுச்சோழன், நான் என்ன பாவம் செய்தேனோ என்று வரிசையாகக் கேட்டுக்கொள்கிறான். வேலை வாங்கிக் கூலியைக் குறைத்தேனா, வரியை உயர்த்திக் கொள்ளையடித்தேனா, பசித்து வந்தவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேனா, திருடுகிறவனுக்கு உளவு சொன்னேனா. ஒவ்வொன்றும் நாள், தேதி போட்டு ஞாபகம் வரக்கூடிய குற்றம். இந்தப் பட்டியலை அரசு அலுவலகங்களில் மாட்டி வைக்கலாம் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். யாரும் மாட்டவில்லை.

இந்த ஊரில் நின்று இதையெல்லாம் பேசிவிட்டு 2024 ஜூன் மாதத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் அக்கம்பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போனவர்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். சிலருக்கு முதலில் பார்வைதான் போயிற்று. கொஞ்சம் முன்னால் சுந்தரர் கண்ணிழந்த கதையைச் சொன்னேன். இரண்டையும் முடிச்சுப் போட்டு ‘பாவத்தின் சம்பளம்’ என்று பேசியவர்களும் உண்டு. அது கொடுமை. கருணாபுரத்தார் யாருக்கும் சத்தியம் செய்து கொடுத்து மீறவில்லை. உழைத்த உடம்பு வலிக்கு மலிவாகக் கிடைத்ததைக் குடித்தார்கள்.

அந்த வாரம் எல்லோரும் விரலை நீட்டியது கல்வராயன் மலையை நோக்கி. மலையில் காய்ச்சுகிறார்கள், அங்கிருந்துதான் வருகிறது என்று பேச்சு. மலையில் வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறப்போட்டுக் காய்ச்சுவது உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மெத்தனால் தொழிற்சாலைக் கரைப்பான். ஊறலில் வடித்து அந்த அளவு எடுக்கிற சரக்கே இல்லை. அது கீழே, சமவெளியில், லாரியும் ரசீதும் கைமாறும் உலகத்தைச் சேர்ந்தது. அது வந்த வழியில் எத்தனை பேருடைய பார்க்காத கண்கள் இருந்திருக்கும்! அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களோ காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாக வந்து மலைகளில் குடியேறியவர்கள் நாங்கள் என்று கதை சொல்லிக்கொண்டு, 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்தவர்கள். சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுடைய ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதே மலையின் மறுபக்கம் சேலம் மாவட்டம். 1937-இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்த மாவட்டம். வரலாறு சில இடங்களில் கிண்டலாகத்தான் நடந்துகொள்கிறது.

அந்த நாட்களுக்குப் பிறகு மேடைகளில் விழிப்புணர்வுப் பாட்டுகள் நிறைய வந்தன. தப்பட்டை அடித்துப் பாடியவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ‘குடிக்காதே தம்பி’ என்ற வகை. நீ, நீ, நீ என்று குடித்தவனைப் பார்த்துச் சுட்டுகிற பாட்டு. சாராயப் பாக்கெட்டை விற்ற ஆளின் வாயிலிருந்து ஒரு பாட்டு வரவில்லை. தெருவில் விற்பனை நடப்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரின் பாட்டு வரவில்லை. பத்து மணிக்கு மேல் வேலை செய்ய உடம்பு வர வேண்டும் என்று கூலியோடு கூடக் குடிக்கவும் காசு கொடுத்த மேஸ்திரியின் பாட்டு வரவில்லை. வந்தால் அந்தப் பாட்டு சாஃப்ட் ராக்காக இருந்தால் என்ன, தெம்மாங்காக இருந்தால் என்ன?

மாணவர்கள் கேட்ட கேள்விக்கு நேர்ப்பதில் சொல்லிவிட்டு உட்காருகிறேன். தமிழில் சாஃப்ட் ராக் எழுதலாமா? தாராளமாக எழுதலாம். கிட்டார் நமக்கு அந்நியமில்லை. ஹார்மோனியமும் ஒரு காலத்தில் வெளியூர்ச் சரக்குதான். ஆண்டுதோறும் இந்த அறக்கட்டளை நடத்தும் பேச்சுப் போட்டிக்குப் பதிலாக, அடுத்த ஆண்டு பாட்டு எழுதும் போட்டி வைக்க, அதை நிறுவிய குடும்பத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விதிகளை என்னையே எழுதித் தரச் சொன்னார்கள். மூன்றுதான் எழுதினேன். மெட்டு எதுவாகவும் இருக்கலாம். பாட்டில் ‘மனிதன்’ என்ற சொல் வரக்கூடாது. கடைசிச் சரணத்தில் எழுதியவரின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். கருமந்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் மாவட்டம் வேறு என்று தயங்க வேண்டாம், அவர்களும் எழுதலாம். ஆசிரியர்களும் கலந்துகொள்ளலாமா என்று தமிழ்த்துறையில் ஒருவர் கேட்டார். கலந்துகொள்ளலாம். விதி அவர்களுக்கும் அதேதான் என்றேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.